இடது பாதத்துக்கு யார் பொறுப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, திருடியது. திருடிய சைக்கிளுக்கு வேறு வண்ணம் அடித்து, பழைய மணியைக் கழற்றிவிட்டுப் புது மணி மாட்டி விற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். உரிமைக்காரிக்கு விஷயம் தெரியும். படித்துக் காட்டியபோது, "பரவாயில்ல, பிரேக் மட்டும் சரியாப் பிடிக்கல," என்றாள்.

அங்கே நான் போய்ச் சேர்ந்த காரணம் அற்பமானது. டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். பத்திரிகை ஆசிரியர் கதை கேட்டார். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துவிடலாம் என்று, இடிந்த கோயில்களைச் சைக்கிளில் சுற்றிக் காட்டும் பயணம் ஒன்றில் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணி, ஆறு சைக்கிள், ஐந்து நிறுத்தம்.

வீட்டுக்கு வந்ததும் இப்படி ஆரம்பித்தேன்:

காலைக் கதிரின் பொன்னொளியில், காலத்தின் மௌன சாட்சியாக நின்றுகொண்டிருந்தது அந்தப் பழங்

(அடித்துவிட்டேன். அந்த இடிபாடுகள் மௌனமாக இருந்த நிமிடமே கிடையாது. பேசுவதற்கென்றே அங்கே ஒருத்தி இருக்கிறாள்.)

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியா

(இதையும் அடித்துவிட்டேன். நன்றாகத் தெரியும்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு வழிகாட்டி ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய் வளர்ந்து, அரசாங்க வேலையில் சேர்ந்து, ஒரு நாள் கடப்பாரையோடு அவளிடமே திரும்பி வந்தது.

2

ஊரில் அவளுக்குப் பெயர் பெல் அக்கா. கத்திக் கூப்பிடமாட்டாள், சைக்கிள் மணியால்தான் பேச்சு. ஒரு மணி என்றால் நில்லுங்கள். இரண்டு என்றால் வாருங்கள். மூன்று அடித்தால் யாரோ ஒருவர் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார், அவரை இழுத்து வாருங்கள் என்று அர்த்தம்.

வயது நாற்பத்திரண்டு. கூடப் பிறந்த அக்காவின் வீட்டுக்காரர் நடத்தும் சைக்கிள் கடையின் மாடியில் ஓர் அறை. அதற்கு ஏறும் படிக்கட்டின் கைப்பிடி முழுக்கப் பழைய டியூப்கள் தொங்கும். அறைக்குள் பஞ்சர் பசை வாசனை. துணி துவைத்தாலும் போகாது, ஜன்னல் திறந்தாலும் போகாது. "பழகிடுச்சு, இப்ப அது இல்லாம தூக்கம் வராது," என்று அவளே சொல்வாள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லித்தான் வந்தாள். மூன்றாம் நாள் மாமா அவளிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்து, "கைடு பரீட்சையில பாஸ் பண்ணியிருக்கேல்ல, ஊரைச் சுத்திக் காட்டு," என்றார்.

முன்கூடையில் பம்ப், ஒட்டுப்போடும் சாமான், தண்ணீர், எலுமிச்சை மிட்டாய், தொல்லியல் துறையின் கையேடு. கையேட்டுக்கு அவள் வைத்த பெயர் மாத்திரை. இரண்டு பக்கம் வாசித்தால் யாராக இருந்தாலும் தூங்கிவிடுவார்கள்.

(அவளை 'அவள்' என்று எழுதியிருப்பதற்கு ஆட்சேபணை வந்தது. "டிக்கெட் வாங்கறப்ப நீங்க வாங்கன்னீங்க, வீட்டுக்குப் போனதும் அவள் இவள்னு ஆயிட்டேனா?" என்றாள். கதையில் எல்லாரும் அப்படித்தான் என்றேன். பின்னால் வரப்போகிற பெண் அதிகாரியை 'அவர்' என்று எழுதியிருப்பதை அவள் இன்னும் கவனிக்கவில்லை.)

3

நான்காவது நிறுத்தம் ஓர் இடிந்த கோயிலின் பின்சுவர். நம் கதை முழுக்க அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மற்ற மூன்று பக்கச் சுவர்களும் எப்போதோ விழுந்துவிட்டன. இது மட்டும் குடிகாரனைப் போல ஒரு பக்கம் சாய்ந்து, நாலு இரும்புக் குழாய்களின் தோளில் கைபோட்டு நிற்கிறது. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு பாதம். ஒரே ஒரு இடது பாதம், கணுக்கால் வரைக்கும். பெண்ணின் பாதம் என்று பார்த்தாலே தெரியும். நகமெல்லாம் தனித்தனியாக வெட்டி, குதிகால் வெடிப்பைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் கல். கையேட்டில் இதற்கு இரண்டே வார்த்தை: முற்றுப்பெறாத சிற்பம்.

வழிகாட்டி வேலையில் சேர்ந்து ஆறாவது வாரம். நல்ல வெயில். சுவரின் நிழலில் உட்கார்ந்த கூட்டம் எழுந்திருக்க மறுத்துவிட்டது. கையேட்டின் இரண்டு வார்த்தையைச் சொல்லி முடித்துவிட்டாள். இன்னும் இருபது நிமிடம் பாக்கி. கூட்டத்தில் ஒரு குண்டுப் பெண்மணி விசிறிக்கொண்டே, "மிச்சப் பொண்ணு எங்கே?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வந்தது இதுதான்:

"ஒரு சிற்பி இருந்தான். காலையில கல்லுக்கு முன்னால உக்காந்தா ராத்திரி வரைக்கும் தலை நிமிரமாட்டான். பொண்டாட்டி பக்கத்துல வந்து நிப்பா, பேசுவா, சிரிப்பா. அவன் கல்லைப் பாத்தே 'ம்' போடுவான். ஒரு நாள் அவ ஒரு நல்ல சேதி கொண்டு வந்தா. அப்பவும் அவன் நிமிரல. அவ என்ன பண்ணினா, காலைத் தூக்கி அவன் செதுக்கற கல்லு மேலயே வெச்சு, 'இதையாவது பாரு'ன்னா. அவனும் பாத்தான். பாத்ததைச் செதுக்க ஆரம்பிச்சான். நகம், விரல், வெடிப்பு, ஒண்ணு விடல. முடிச்சிட்டு, மேல முகம் எப்படியிருக்கும்னு நிமிர்ந்தான். அவ போயிட்டா. எவ்வளவு யோசிச்சும் முகம் ஞாபகம் வரல. உளியை அங்கயே மண்ணுல புதைச்சிட்டு எந்திரிச்சுப் போனான்."

கூட்டம் எழுந்துவிட்டது. குண்டுப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கணவரை ஒரு முறை முறைத்தார். அந்த ஆள் பாவம், அன்றைக்கு முழுதும் மனைவியின் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு ராத்திரி பெல் அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். அது பஞ்சர் பசையால் இல்லை.

4

பொய்யின் வளர்ச்சியை விரிவாக எழுதி மூன்று பக்கம் வைத்திருந்தேன். நீளம். சுருக்கம் இதோ: மற்ற வழிகாட்டிகள் கேட்டார்கள், சொன்னார்கள். ஒரு ஆராய்ச்சி மாணவர் கேட்டார், 'இப்பகுதி மக்களிடையே வழங்கிவரும் தொன்மையான வாய்மொழிக் கதை' என்று எழுதினார். அவருடைய ஆராய்ச்சியை யாரோ படித்தார்கள் (இதுதான் கதையிலேயே நம்ப முடியாத இடம், ஆனால் உண்மை). போன வருடம் தொல்லியல் துறையினர் பின்சுவருக்குப் பக்கத்தில் நீலப் பலகை வைத்தார்கள். அதில் அவள் கதை, செந்தமிழில். 'இதையாவது பாரு' என்பது 'இதனையேனும் நோக்குக' ஆகிவிட்டது.

பலகையை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட மறந்தாள். அது பாட்டுக்குச் சரிந்து விழுந்தது. பயமா, பெருமையா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். நம்ம குழந்தை போலீஸ்ல சேர்ந்த மாதிரி."

5

இப்போது அந்தச் சனிக்கிழமை. முன்னால் அவள். பின்னால் ரிடையரான கணக்கு வாத்தியார், கல்யாணமாகி ஒன்பது நாளான ஒரு ஜோடி, சொந்த ஹெல்மெட்டோடு வந்த முப்பது வயதுப் பெண், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நான்.

இரண்டாவது நிறுத்தமான தூண் மண்டபத்தில் அந்த ஹெல்மெட் பெண் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். தொல்லியல் அதிகாரி. புதுசாக வந்திருக்கிறார், முதல் வேலையே இங்கேதான்.

"திங்கட்கிழமை அகழாய்வு ஆரம்பிக்கிறோம்," என்றார். "பின்சுவருக்குக் கீழ. அந்த உளியைத் தேடி. அதுக்கு முன்னால கதையை உங்க வாயாலேயே கேக்கணும்னு வந்தேன். எல்லாரும் உங்களைத்தான் சொன்னாங்க."

பெல் அக்கா பின்சுவர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுவர் ஏற்கெனவே சாய்ந்து நிற்கிறது. அடியில் ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டினால் இரும்புக் குழாயெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சுவர் விழுந்தால் பாதமும் விழும். இல்லாத உளியைத் தேடி இருக்கிற பாதத்தை உடைக்கப்போகிறார்கள். எல்லாம் ஒரு மத்தியானம் இருபது நிமிடத்தை ஒப்பேற்றுவதற்காக அவள் வாய் திறந்ததால்.

"அங்க தோண்டினா சுவர் தாங்குமா மேடம்?"

"ரிஸ்க்தான். எங்க சீனியரும் அதான் சொன்னார். ஆனா இவ்வளவு வலுவான செவிவழிச் செய்தி இருக்கும்போது விட மனசு வரல. நான் போராடி வாங்கின அனுமதி இது."

அவள் சொல்லிவிட வாயெடுத்தாள். அதே நேரம் கணக்கு வாத்தியாரின் செயின் கழன்றது. குனிந்து மாட்டினாள். கை முழுக்கக் கறுப்பு. நிமிர்ந்து மறுபடி வாயெடுத்தாள். அப்போது புதுப்பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சிக்கி

(வேண்டாம். தடை ஒரே ஒரு தடவைதான் வந்தது, அந்தச் செயின். மூன்று தடை வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று இரண்டை நானே கட்டினேன். உண்மையில் மூன்றாவது நிறுத்தம் வரைக்கும் அவள் பேசாமல் வந்ததற்குக் காரணம், பயம். வேலை போய்விடுமோ என்கிற பயம் பாதி. அந்த அதிகாரி போராடி வாங்கினேன் என்று சொன்னபோது இருந்த முகம் பாதி.)

6

மூன்றாவது நிறுத்தம், வற்றிய குளம். படிகளில் உட்கார்ந்து எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவள் மிட்டாய்ப் பொட்டலத்தை அதிகாரியிடம் நீட்டினாள்.

"மேடம், அந்தக் கதை நான் சொன்னது."

"தெரியும். அதனாலதானே உங்ககிட்ட வந்தேன்."

"அப்படி இல்ல. நானே கட்டினது. எனக்கு முன்னால அது கிடையாது. உளியும் கிடையாது, சிற்பியும் கிடையாது."

அதிகாரி மிட்டாயைப் பிரித்தபடி சிரித்தார். கோபமே இல்லாத, படித்த சிரிப்பு.

"எல்லாரும் இப்படித்தான் நினைச்சுக்குவாங்க. சின்ன வயசுல யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க, மறந்துபோயிருக்கும். திடீர்னு ஒரு நாள் நாமளே கட்டின மாதிரி வெளிய வரும். வாய்மொழி மரபு வேலை செய்யறதே அப்படித்தான்."

"எங்க வீட்ல யாரும் கதை சொன்னதே இல்ல மேடம். அப்பா லாரி ஓட்டினார், மாசத்துல நாலு நாள்தான் வீடு. அம்மா தையல். வாயில ஊசி வெச்சிருப்பாங்க, பேசவே மாட்டாங்க."

"பக்கத்து வீட்ல யாராவது?"

"பக்கத்துல பெட்ரோல் பங்க்."

"பள்ளிக்கூடத்துல?"

கணக்கு வாத்தியார் இந்த இடத்தில் தலையிட்டார். "பள்ளிக்கூடத்துல இந்த மாதிரி கதையெல்லாம் சொல்லித்தரமாட்டோம்," என்றார்.

அதிகாரி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "இவ்வளவு அழகான கதையை ஒருத்தர் உக்காந்து கட்ட முடியாதுங்க. நூறு வருஷமாவது ஆகும். உங்களைக் குறைச்சுச் சொல்லல."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எழுதுகிறவர்களுக்கு மட்டும் புரிகிற வலி ஒன்று இருக்கிறது. தப்பை ஒப்புக்கொள்ள வந்தவளிடம், அந்தத் தப்பைச் செய்கிற அளவுக்கு உனக்குத் திறமை பத்தாது என்று ஒருவர் அன்பாகச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுவரை பயந்துகொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பயம் போய், காது மடல் சிவக்கிற மாதிரி கோபம் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

"மேடம், அந்தச் சிற்பி யாருன்னு காட்டட்டுமா?"

"யாரு?"

"என் வீட்டுக்காரர். டைல்ஸ் ஒட்டறவர். ரெண்டு பேரும் பேசி நாலு வருஷம் ஆகுது. இப்ப பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்துல இருக்கார், இங்கிருந்து பத்து நிமிஷம்."

(எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "அக்கா சொல்லிட்டே இருப்பா. நான் கேக்கமாட்டேன், ஆனா காது இருக்கே.")

அவள் இரண்டு மணி அடித்தாள். எழுந்தோம். கணக்கு வாத்தியார் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அஞ்சு இடந்தான் போட்டிருக்கு. பல் ஆஸ்பத்திரி இல்லியே."

"இது கூடுதல் சார். வாங்க."

7

பாதி கட்டிய கட்டடம். கூரை இல்லாத தூண்கள், கதவு இல்லாத வாசல்கள், உடைந்த கற்கள், குவியல் குவியலாக மணல். காலையிலிருந்து நாங்கள் பார்த்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புதுமாப்பிள்ளை நாலைந்து படம் எடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்:

"இது எந்த நூற்றாண்டுங்க?"

"அடுத்த மாசம் திறக்கறாங்க," என்றாள் பெல் அக்கா.

உள்ளே, நீள நடையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்திருந்தார் ஒருவர். முன்னால் நூல் இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் நாலு மூலையிலும் தட்டி, ரசமட்டத்தை வைத்துச் சமமா என்று பார்த்து, மறுபடி ஒரு தட்டு. நாங்கள் ஆறு பேர் வந்து நின்றும் திரும்பவில்லை.

"ஈரம். பலகை மேல நடந்து வாங்க."

வந்தோம். அவர் பார்வை தரையிலேயே இருந்தது. எங்கள் செருப்பையும் ஷூவையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது.

"அஞ்சு ஜோடிக் கால் புதுசு. ஒண்ணு தெரிஞ்சது. இடது கால் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் போகுது."

பெல் அக்கா அவரிடம் பேசவில்லை. அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். "கேளுங்க மேடம். நான் கால் வெச்சேனா இல்லையான்னு அவரையே கேளுங்க."

அதிகாரி நோட்டைத் திறந்தார். தான் யார், எதற்காக வந்தோம் என்று முறையாக எடுத்துச் சொல்லி, பின்சுவர்ப் பாதத்தின் கதை தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். போன வருஷம் ஒரு வீட்ல தரை போட்டேன். அந்த வீட்டம்மா கோயிலைச் சுத்திப் பாத்துட்டு வந்து புருஷன்கிட்ட சொல்லிட்டிருந்தாங்க. பாதிக் கதையிலயே தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"அந்த ஆளு நான்தான்னு. கல்லு வேற, பொழப்பு ஒண்ணு."

சொல்லிவிட்டு, கையிலிருந்த சிமெண்டைக் கந்தலில் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சொன்னார். ஒரு வீட்டு முற்றத்தில் வேலை. அவள் வழிகாட்டிப் பரீட்சையில் தேறிய தாளோடு ஓடி வந்தாள். அவர் அப்போதுதான் பூசி மட்டம் பிடித்த தரை. தலை நிமிராமல், "ஈரமா இருக்கு, ஓரமா நில்லு," என்றார். அவள் ஓரமாக நிற்கவில்லை. இடது காலைத் தூக்கி அந்த ஈரச் சிமெண்டில் நடுவாக வைத்து அழுத்தினாள். இதையாவது பாருங்க என்றாள். போய்விட்டாள்.

பெல் அக்கா அதிகாரியைப் பார்த்தாள். பாத்தீங்களா என்கிற பார்வை. வெற்றி பெற்ற எழுத்தாளரின் பார்வை அது, எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

"ஆனா கதையில ஒரு தப்பு இருக்கு மேடம்," என்றார் டைல்ஸ்காரர்.

"எது?"

"அவன் நிமிர்ந்து பாத்தப்ப அவ போயிட்டாள்னு வருதே, அது. நான் அப்பவே நிமிர்ந்துட்டேன். அங்கிருந்து வாசல் முப்பதடி இருக்கும். அவ நடந்துபோனதை முழுசாப் பாத்தேன். அவதான் திரும்பிப் பாக்கல."

புதுமாப்பிள்ளை போனைப் பைக்குள் வைத்தார். கிட்டத்தட்ட நாலு வருடமாக வாரம் தவறாமல், நூற்றுக்கணக்கான பேருக்கு அந்தக் கதையைச் சொன்னவள், அதில் தனக்குத் தெரியாத ஒரு வரி இருக்கும் என்று நினைத்ததே இல்லை. அவள் நினைப்பில் அந்த முப்பதடியும் பின்னால் ஒரு முதுகுதான் இருந்தது. திரும்பினால் அந்த முதுகைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் திரும்பவில்லை.

நாலு வருடத்தில் முதல் முறையாக, அதிகாரி வழியாக இல்லாமல், நேரே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"சிமெண்ட் இறுகற வரைக்கும். அதனாலதான் உடைச்சுத் திரும்பப் பூச வேண்டியதாப் போச்சு."

அதிகாரி நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மாற்று வடிவம் – 1' என்று எழுதியிருந்தது.

8

வெளியே வந்ததும் அதிகாரி மணல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது மரபு இல்ல, ஒத்துக்கறேன். பழங்கதையில யாரும் சிமெண்ட் இறுகறதைப் பத்திப் பேசமாட்டாங்க." நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். "என் முதல் குழி. சீனியருக்கு என்னன்னு எழுதறது? கதை சொன்னவங்க உயிரோட இருக்காங்க, நம்பர் தரேன்னா?"

பெல் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்தாள். திட்டு வராததால் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு மிட்டாயைக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? இது கட்டினது இல்ல. குளத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. கோடையில எங்க வேணா சைக்கிள் சுகமா ஓடும், அங்க மட்டும் சக்கரம் புதையும். நேர்க்கோடா, ஒரு முழ அகலத்துக்கு. நாலு வருஷமா மிதிக்கறேன். கீழ என்னமோ இருக்கு. இல்லன்னா என்னமோ இருந்து போயிருக்கு."

அதிகாரி அவளையே பார்த்தார். ஏமாந்த வீட்டில் மறுபடி விருந்துக்குக் கூப்பிட்டால் பார்க்கிற பார்வை.

"கதை இல்லையே?"

"இதுல எங்க மேடம் கதை இருக்கு? ரொம்ப போர்."

அந்த வார்த்தையில்தான் அதிகாரிக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். திரும்பிப் போகும் வழியில் தானே அந்த இடத்தில் மூன்று முறை சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். மூன்று முறையும் புதைந்தது. சீனியருக்கு அன்றைக்கே எழுதிப்போட்டு இடத்தை மாற்றினார். திங்கட்கிழமைக் குழி பின்சுவரிலிருந்து வெகுதூரம் தள்ளி வெட்டப்பட்டது. பதினோரு நாளில் கல் பாவிய கால்வாய் ஒன்று வெளியே வந்தது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய், அறுபதடிக்கு மேல், ஒரு கல்கூடக் கலையாமல். சீனியர் நேரில் வந்து பார்த்துவிட்டு அதிகாரியைப் பாராட்டினார்.

(அறிக்கையில் 'உள்ளூர் வழிகாட்டி ஒருவர் தந்த தகவல்' என்று பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு வந்தது. "பொய்க்கு ஒரு பலகை, நிஜத்துக்கு ஒரு பொடி எழுத்தா?" என்று பெல் அக்கா கேட்டாள். இலக்கியத்திலும் அதுதான் விகிதம்.)

பலகையை எடுக்க முடியவில்லை. வைப்பதற்குத்தான் உத்தரவு இருக்கிறது, எடுப்பதற்கு இல்லை. ஆகவே அதிகாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கதையைச் சொல்லுங்க, வேணாங்கல. ஆனா உங்க கதைன்னு சொல்லிட்டுச் சொல்லுங்க."

9

இனி முடிவுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல்.

நிபந்தனைக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை டைல்ஸ்காரர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மாமா அவரைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், கடையில் இருப்பதிலேயே பழைய சைக்கிளை எடுத்துக் கொடுத்தார். சீட்டு தாழ்ந்து, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு அப்படியே கடைசியில் ஓட்டி வந்தார். அவள் நாலாவது நிறுத்தத்தில் ஒரு மணி அடித்தாள். எல்லாரும் பாதத்தின் முன்னால் நின்றார்கள். அவரும் நின்றார். தன் கதை என்று சொல்லிவிட்டு, அந்த ஆளை வைத்துக்கொண்டே அவள் அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். என்ன சொன்னாள்?

எனக்குத் தெரியாது. நான் போகவில்லை. முதல் பயணத்துக்குப் பிறகு தொடை வலி ஒரு வாரம் விடவில்லை. போனவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டேன்.

ஒரு நர்ஸ் சொன்னார்: பழைய கதையை அப்படியே சொன்னாள், ஒரு வார்த்தை மாறவில்லை. கடைசியில் இது நானே கட்டினது என்றாள். யாரும் நம்பவில்லை.

ஒரு இன்ஷூரன்ஸ்காரர் சொன்னார்: கதையே சொல்லவில்லை. நீலப் பலகையைச் செந்தமிழில் சத்தமாக வாசித்தாள். 'இதனையேனும் நோக்குக' வந்தபோது பின்னால் நின்ற ஒருத்தர் சிரித்துவிட்டார், அவளும் சிரித்துவிட்டாள், அத்தோடு சரி.

கணக்கு வாத்தியார் இரண்டாவது முறையும் போயிருந்தார். அவரை மலைபோல் நம்பினேன். "நாலு நிமிஷம் இருபது விநாடி பேசினாங்க," என்றார். என்ன பேசினார்கள்? "அதைக் கவனிக்கல. மணியைத்தான் பாத்துட்டிருந்தேன்."

நானாக மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அழுதாள். படித்துக் காட்டியபோது, "நானா?" என்றாள். அடித்துவிட்டேன். இன்னொன்றில் அவர் முன்னால் வந்து மிச்சக் கதையைத் தானே சொன்னார். "அவருக்கு அவ்வளவு பேச வராது," என்றாள். அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவதை அவளிடம் காட்டவில்லை. அதில் சுவர் விழுகிறது. எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அப்ப நீங்களே சொல்லிடுங்களேன், என்னதான் சொன்னீங்க?" என்று கெஞ்சினேன்.

"கதை எழுதறவங்கதானே, கட்டுங்க," என்றாள்.

கடைசி முயற்சியாக டைல்ஸ்காரரைத் தேடிப் போனேன். பல் ஆஸ்பத்திரியில் இல்லை. விசாரித்தால், சைக்கிள் கடை மாடி என்றார்கள். படியேறிப் போனேன். அவள் அறைக்குள் பழைய தரையை உடைத்துக் கொட்டிவிட்டு, நூல் பிடித்துப் புதுக் கல் பதித்துக்கொண்டிருந்தார். அவள் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, எந்தக் கல் கோணல் என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லும் கோணல் இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வாசலிலேயே நின்று கேட்டேன். "அன்னிக்கு அந்தச் சுவர்கிட்ட இவங்க என்ன சொன்னாங்க?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் உத்தரத்தைப் பார்த்தாள்.

"டிக்கெட் வாங்கினவங்களுக்கு மட்டுந்தான் சொன்னா," என்றார்.

ஆகவே இதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறார்கள். ஆறு சைக்கிள்தான், முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். நாலாவது நிறுத்தத்தில் நிழல் இருக்கும், முன்வரிசையில் உட்காருங்கள். கேட்டதை எனக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் அதையும் எழுதிவிடுவேன். முக்கியமாக, கிளம்புவதற்கு முன்னால் சீட்டு உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.